இந்த ஃபைல் திறக்காது, மன்னா!

ஆல்டஸ் மனுட்டியஸ் என்று பெயர் சொன்னால் அச்சுத்துறைப் பெரியவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்தே படிக்கலாம். மனிதர் 1515இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இத்தாலியில் இளவரசர்களுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் அவர். நாற்பது வயது வாக்கில், 'போதும் இந்த மாதச் சம்பளம்' என்று வெனிஸுக்குக் கிளம்பி வந்து அச்சுக்கூடம் தொடங்கினார். ஸ்டார்ட்-அப் என்றால் பணம் போட ஆள் வேண்டுமே? ஆந்திரேயா டொரெசானி என்ற அச்சக முதலாளி கூட்டுச் சேர்ந்தார். 1505இல் டொரெசானியின் மகளையே கல்யாணம் செய்துகொண்ட ஆல்டஸ், கொஞ்ச நாளில் அச்சுக்கூடத்தோடு மாமனார் வீட்டுக்கே குடிபோனார். மறுமலர்ச்சிக் காலத்தின் மாபெரும் பதிப்பாளர், நம் ஊர்க் கணக்கில் வீட்டோடு மாப்பிள்ளை.

ஆனால் கெட்டிக்காரர். அதுவரை புத்தகம் என்றால் மேஜைமேல் விரித்து வைத்துப் படிக்கும் தடிமனான சமாச்சாரம். 1501இல் வெர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கமாக அச்சிட்டார். அதற்கென்றே சாய்ந்த எழுத்து ஒன்றும் தயாரானது. இன்று 'இட்டாலிக்' என்று பட்டனை அமுக்குகிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா. அந்த எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. ஆல்டஸ் அந்தப் புத்தகத்திலேயே அவருக்குக் கவிதையில் நன்றி சொன்னார். எழுத்துக்கான உரிமையை மட்டும் வெனிஸ் அரசாங்கத்திடம் தன் பெயரில் வாங்கிக்கொண்டார். கவிதை உனக்கு, காப்பிரைட் எனக்கு! கிரிஃபோ கோபித்துக்கொண்டு வெளியேறினார். பின்னாளில் மருமகனை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதாக கிரிஃபோமேல் வழக்கு வந்தது. யோசித்துப் பார்த்தால், ஆல்டஸுக்கு அவ்வளவு பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

உரிமை வாங்கினால் ஆயிற்றா? பிரான்சில் லியோன் நகரத்து அச்சுக்காரர்களுக்கு வெனிஸ் சட்டம் எந்த மூலைக்கு? அதே சாய்வெழுத்து, அதே சைஸ், அதே புத்தகம் என்று காப்பியடித்துத் தள்ளினார்கள். கொதித்துப் போன ஆல்டஸ் 1503 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை அறிக்கை அச்சிட்டார். போலிப் புத்தகத்தில் இன்னின்ன பிழைகள் இருக்கின்றன, தாள் மட்டம், மோந்து பார்த்தால் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது, ஏமாறாதீர்கள் மகாஜனங்களே என்று விலாவாரியாகப் பட்டியல் போட்டார். லியோன்காரர்கள் பட்டியலைப் பயபக்தியோடு வாங்கிப் படித்தார்கள். அதைப் பார்த்து எல்லாப் பிழைகளையும் திருத்தி, அடுத்த போலியை அம்சமாகக் கொண்டுவந்தார்கள். எதிரிக்கு இலவசமாக ப்ரூஃப் பார்த்துக் கொடுத்த ஒரே பதிப்பாளர் என்று ஆல்டஸுக்குத் தனியாகவே ஒரு சிலை வைக்கலாம்.

(இன்னொரு விஷயம். செமிகோலன் என்ற அரைப்புள்ளி முதன்முதலில் அச்சேறியதும் இவர் பட்டறையில்தான், 1496இல். அது ஓர் ஓரமாக இருக்கட்டும். பின்னால் தமிழர்கள் தலையில் வந்து விழப்போகிறது.)

இனி 480 வருடம் தாண்டி அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கு வந்துவிடுங்கள். 1984. பால் பிரெய்னர்ட் என்பவர் வேலை பார்த்த கம்பெனி, அவர் இருந்த கிளையை இழுத்து மூடிவிட்டது. பத்திரிகைகளுக்கு கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி அது. வேலை போனவுடன் நாமாக இருந்தால் ஆறு மாதம் ரெஸ்யூமேவுக்கு ஃபாண்ட் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்போம். அவர் சில இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு புதுக் கம்பெனி தொடங்கினார். பெயர்: ஆல்டஸ். லோகோ: சாட்சாத் நம் வீட்டோடு மாப்பிள்ளையின் பக்கவாட்டு முகம். காப்பியடித்தவர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய மனிதரின் பெயரையும் முகத்தையும் ஒரு பைசா ராயல்டி இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

1985 ஜூலையில் அவர்களின் பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் வந்தது. ஆப்பிளின் மெக்கிண்டாஷ், லேசர்ரைட்டர் பிரிண்டர், அதற்குள் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று எல்லாம் சேர்ந்தவுடன், அச்சுக்கோப்பவர், ஒட்டுபவர், வெட்டுபவர் என்று ஏழெட்டுப் பேர் செய்த வேலையை ஒருவரே மேஜைமேல் செய்யலாம் என்றானது. 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்று பிரெய்னர்ட்தான் பெயர் சூட்டினார். பிரிண்டர் விலை 6,995 டாலர். அந்த விலைக்கு அப்போது அமெரிக்காவில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். ஆனால் காரில் ஏறி ஒரு பாராவைக்கூட ஜஸ்டிஃபை பண்ண முடியாதல்லவா?

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, இரண்டாவது வெர்ஷன் வரும்வரை.

பேஜ்மேக்கர் ஃபைலின் வாலைக் கவனித்திருக்கிறீர்களா? பிஎம்3, பிஎம்4, பிஎம்5 என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 6.5 வந்தபோது திடீரென்று பி65. சரி, 7க்கு பிஎம்7 தானே? இல்லை, பிஎம்டி! வரிசையாக வைத்தால் யாருக்காவது புரிந்து தொலைத்துவிடுமே என்ற நல்லெண்ணம்தான். பெரியது சின்னதைத் திறக்கும். சின்னது பெரியதைத் திறக்காது. முகலாய அரண்மனையில்கூடத் தகப்பன் பேச்சு மகனுக்குப் புரிந்தது, மகன் பேச்சும் தகப்பனுக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் சிறையில் போட்டுக்கொண்டார்கள்.

இதற்கு நியாயமான காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். பேஜ்மேக்கர் ஃபைல் என்பது நாம் படிக்கிற எழுத்தல்ல. அந்த சாஃப்ட்வேர் தன் மனதில் நினைத்ததை நினைத்தபடியே கொட்டிவைத்த குறிப்பு. 6.5இல் லேயர், ஃபிரேம் என்று புதுச் சரக்குகள் சேர்ந்தன. 6.0 பிறந்தபோது இதெல்லாம் கிடையாது. அதனிடம் போய் 'மூன்றாவது லேயரில் தலைப்பை வை' என்றால், பாட்டியிடம் ஏர் ஃப்ரையர் சமையல் குறிப்பைக் கொடுத்த கதைதான். பாட்டியாவது 'என்ன கண்றாவி இது?' என்று கேட்பாள். பழைய வெர்ஷன் எதுவும் கேட்காது. கோப்பைத் திறக்க இயலவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

சரி, தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததையாவது திறக்கலாமே? திறக்கலாம்தான். 6.5இல் 'சேவ் ஆஸ்' போனால் 6.0 ஃபார்மேட்டில் ஒரு நகல் எடுக்க வசதி வைத்திருந்தார்கள். ஆக, முடியாத காரியமில்லை. ஆனால் வியாபாரி மூளை வேறு கணக்குப் போடும். ஒருவர் புது வெர்ஷன் வாங்கி, பத்துப் பேருக்கு ஃபைல் அனுப்பினால் அந்தப் பத்துப் பேரும் வாங்கியே தீர வேண்டும். விளம்பரச் செலவு கிடையாது, சேல்ஸ்மேன் கிடையாது. வாடிக்கையாளரே ஊர் ஊராகப் போய் உறவினர் தலையில் கட்டும் மல்டிலெவல் மார்க்கெட்டிங்கை இவர்கள் ஒரு டீ, பிஸ்கட் செலவுகூட இல்லாமல் நடத்தினார்கள்.

இந்தக் கலையில் உச்சம் தொட்டவர்கள் டென்வர்காரர்கள்.

டிம் கில் என்ற இளைஞர் 1981இல் அப்பா அம்மாவிடம் 2,000 டாலர் கடன் வாங்கிக் குவார்க் கம்பெனியைத் தொடங்கினார். 1987இல் குவார்க்எக்ஸ்பிரஸ் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அற்புதமான சாஃப்ட்வேர். எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மயிரிழையில் நிறுத்தும். 90களில் பெரிய பத்திரிகைகள் எல்லாம் குவார்க்கிடம் சரணடைந்தன. பேஜ்மேக்கர் பரிதாபமாகப் பின்தங்கியது. 1994இல் ஆல்டஸ் கம்பெனி அடோபிக்குள் கரைந்தது. 1986இல் வந்து சேர்ந்த தலைமை அதிகாரி ஃபிரெட் எப்ராஹிமியின் காலத்தில் குவார்க்குக்கு எதிர்ப்பே இல்லை. எதிர்ப்பு இல்லாத ராஜாவுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சேவை மையத்துக்கு போன் செய்கிறவர்களை இளக்காரமாக நடத்துகிற கம்பெனி என்று குவார்க்குக்கு ஊரெல்லாம் பேர். வாடிக்கையாளர் திட்டினார், திட்டிக்கொண்டே அடுத்த வெர்ஷனும் வாங்கினார்.

அவர்களிடம் நகைச்சுவை உணர்வு இல்லை என்று சொல்ல முடியாது. மெக்கிண்டாஷில் பக்கத்திலுள்ள ஒரு பெட்டியைத் தேர்ந்துகொண்டு, கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட், டெலீட் நான்கையும் சேர்த்து அமுக்கினால், திரையின் ஓரத்திலிருந்து ஒரு குட்டிச் செவ்வாய்க்கிரகவாசி தத்தித் தத்தி நடந்து வரும். கையில் துப்பாக்கி. பெட்டியைக் குறிபார்த்துச் சுட்டுப் பொசுக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். நிஜம்! யாரோ உட்கார்ந்து வரைந்து, நடக்கவைத்து, சத்தம் சேர்த்திருக்கிறார்கள். அதே சாஃப்ட்வேரில், செய்த தவறை ஒன்றுக்கு மேல் பின்னோக்கிச் சரிசெய்யும் வசதி 2003இல் 6ஆம் வெர்ஷன் வரும்வரை கிடையாது. ஒரே ஒரு அன்டூ. இரண்டாவது தப்பு செய்தவர் அந்தச் செவ்வாய்க்கிரகவாசியின் காலில்தான் விழ வேண்டும்.

இப்போது ஃபைல் விஷயம். குவார்க் 'கீழே இறக்கிச் சேமிக்க' அனுமதித்தது. ஆனால் ஒரே ஒரு படி. 6 என்றால் 5க்கு இறக்கலாம். 5 என்றால் 4க்கு. 4 என்றால் 3.3க்கு. உங்களிடம் 6 இருக்கிறது, அச்சகத்தில் 3.3 இருக்கிறது என்று வையுங்கள். 6இல் திறந்து 5ஆகச் சேமித்து, 5 வைத்திருக்கிறவரைத் தேடிப் போய் 4ஆகச் சேமித்து, 4 வைத்திருக்கிறவரைத் தேடிப் போய் 3.3ஆகச் சேமிக்க வேண்டும். தெருத் தெருவாகப் போய் மூன்று அதிகாரிகளிடம் கையெழுத்து வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. வித்தியாசம், அங்கே கையெழுத்துகள் கூடிக்கொண்டே போகும். இங்கே பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வரும். 5இல் சேர்ந்த லேயர் 4இன் வாசலில் உதிரும். 4இல் சேர்ந்த வளைகோட்டு வேலைப்பாடுகள் 3.3க்குப் போவதற்குள் ஒரு வழியாகிவிடும். கடைசியில் போய்ச் சேர்வது உங்கள் பக்கம்தான், ஆனால் அடையாள அட்டை கேட்டால் காட்ட முடியாத நிலையில்.

புகழின் உச்சியில் 1998 ஆகஸ்டில் குவார்க் ஒரு காரியம் செய்தது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய அடோபியை விலைக்கு வாங்கப் போவதாகப் பகிரங்கமாக அறிவித்தது! அடோபி 'வேண்டாம், நன்றி' என்றது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடோபியின் சியாட்டில் கிளையில், பழைய ஆல்டஸ் ஆட்கள் வைத்திருந்த திட்டம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதன் ரகசியப் பெயர் கே2, உலகின் இரண்டாவது உயரமான மலை. வெளியே அதற்கு மக்கள் வைத்த பெயர் 'குவார்க் கில்லர்'. மாப்பிள்ளை முறுக்கோடு பெண் கேட்கப் போன வீட்டில், அவரை அடிக்கத் தடி செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

1999இல் அது இன்டிசைன் என்று வெளிவந்தது. முதல் வெர்ஷன் நொண்டியது. வாங்க ஆள் இல்லை. ஆனால் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். குவார்க் 3.3, 4 ஃபைல்களையும் பேஜ்மேக்கர் 6.5 ஃபைல்களையும் நேராகத் திறந்துகொள்ளும். எதிரி நாட்டு ரூபாய் நோட்டை வாங்கிக்கொள்ளும் கடை! திரும்ப குவார்க் ஃபைலாகச் சேமிக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு அபிமன்யுவின் கதையை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. உள்ளே போகும் வித்தை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கப்படும்.

அப்படியும் குவார்க் சிங்காதனத்தில் இருந்திருக்கும். ஆனால் ஆப்பிள் 2001 மார்ச்சில் ஓஎஸ் டென் என்ற புது ஓஎஸ்ஸைக் கொண்டுவந்தது. 2002 ஜனவரியில் இன்டிசைன் 2 அதற்கு ஏற்றபடி வந்து நின்றது. அதே சமயம் குவார்க் 5உம் வந்தது, பழைய ஓஎஸ்ஸுக்கு மட்டும்! வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். மெக்கிண்டாஷே சுருங்கிக்கொண்டு வருகிறது, பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற தோரணையில் எப்ராஹிமி பேசியதாக அப்போதைய செய்திகள் சொல்கின்றன. குவார்க்கின் வரலாற்றில் வாடிக்கையாளர்கள் கம்பெனி சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு முறைதான்.

குவார்க் இறந்துவிடவில்லை. 10ஆம் வெர்ஷன் வரை ஒழுங்காக எண்ணிவிட்டு, ஒரே தாவலில் 2015க்குப் போனது. இன்று அதே குவார்க், இன்டிசைனின் ஐடிஎம்எல் ஃபைலை இறக்குமதி செய்துகொள்ளும் வசதியை விளம்பரம் செய்கிறது. 1998இல் விலைபேசிய வீட்டின் ஃபைலை 20 வருடம் கழித்து வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த சக்கரவர்த்தி அடோபி. இங்கேதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடோபியை நிறுவிய இருவரில் ஒருவர் ஜான் வார்நாக். 1991இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எந்தக் கம்ப்யூட்டரில் செய்த பக்கமானாலும், எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்த சாஃப்ட்வேரும் கேட்காமல் அப்படியே தெரிய வேண்டும் என்பது அவர் கனவு. திட்டத்துக்குக் கேமலாட் என்று பெயர். ஆர்தர் மன்னனின் கோட்டை. அதுதான் 1993இல் பிடிஎஃப் ஆனது. வையகம் ஒன்றாகட்டும் என்று அறிவித்துவிட்டு, பிடிஎஃபைத் திறந்து படிக்க உதவும் ரீடருக்கு 50 டாலர் கேட்டார்கள். கோட்டைக்கு வழி இலவசம், கதவைத் தள்ளினால் கட்டணம்! யாரும் சீண்டவில்லை. பிறகு புத்தி வந்து இலவசமாக்கினார்கள். உலகமே பிடிஎஃப் ஆயிற்று.

இத்தனை உன்னதமான லட்சியம் கொண்ட அதே கம்பெனியின் இன்டிசைன் சிஎஸ்3 ஃபைலை அதே கம்பெனியின் முந்தைய வெர்ஷனான சிஎஸ்2 திறக்காது. யாருடைய பக்கத்தையும் யாரும் பார்க்கலாம், சொந்தத் தம்பியின் பக்கத்தைத் தவிர.

வழி வைத்திருந்தார்கள், இல்லாமல் இல்லை. ஐஎன்எக்ஸ் என்று ஒரு பரிமாற்ற ஃபார்மேட். சிஎஸ்3இல் ஐஎன்எக்ஸாக ஏற்றுமதி செய்தால் சிஎஸ்2 திறக்கும், சிஎஸ்2க்கு அப்டேட் போட்டிருந்தால். சிஎஸ்4இலிருந்து சிஎஸ்2க்குப் போக வேண்டுமா? நடுவில் சிஎஸ்3 வீட்டில் இறங்கி ஏற வேண்டும். குவார்க்கின் படிக்கட்டைக் கிண்டலடித்து ஆட்சிக்கு வந்தவர்கள், அதே படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்துத் திறப்பு விழா நடத்தினார்கள். நம் அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

2008இல் சிஎஸ்4உடன் ஐடிஎம்எல் வந்தது. இது நிஜமாகவே நல்ல காரியம். எந்தப் புது இன்டிசைனிலும் 'சேவ் ஆஸ்' போனால் 'சிஎஸ்4 அல்லது அதற்குப் பிந்தையது' என்று ஒரு வரி இருக்கும். அதில் சேமித்த ஃபைல் சிஎஸ்4 முதல் இன்றைய வெர்ஷன் வரை திறக்கும். ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். ஐடிஎம்எல் ஃபைலை ஒரு நகல் எடுத்து, அதன் வாலை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே ஸ்டோரீஸ், ஸ்ப்ரெட்ஸ், மாஸ்டர் ஸ்ப்ரெட்ஸ், ரிசோர்சஸ் என்று ஃபோல்டர்கள். ஸ்டோரீஸுக்குள் இருப்பதை நோட்பேடில் திறந்தால், நீங்கள் எழுதிய கட்டுரை எக்ஸ்எம்எல் குறிகளுக்கு நடுவே உட்கார்ந்து உங்களையே பார்க்கும். இத்தனை வருடம் படையும் அகழியும் போட்டுக் காத்த ராஜ ரகசியம், நோட்பேடில் படிக்கிற ஒரு ஜிப் பொட்டலம்.

ஆனாலும் முழு நம்பிக்கை வேண்டாம். பழைய வெர்ஷனுக்குத் தெரியாத அலங்காரங்கள் அங்கே போய் உதிரும். பாராவுக்குப் பின்னால் கலர் பூசும் வசதி பின்னால் வந்தது. சிஎஸ்4 போய்ச் சேரும்போது பாரா வெள்ளைச் சேலையில் நிற்கும். மேலே போகும் வழியும் அவ்வளவு சுத்தமில்லை. பழைய ஃபைலைப் புதிய வெர்ஷன் திறக்கும்போது தலைப்பில் 'கன்வெர்ட்டட்' என்று போட்டுக்கொள்ளும். வரிகள் மறுபடி அடுக்கப்பட்டால் ஒரு சொல் அடுத்த வரிக்கு நகரும், ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு நகரும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொய் சொல்லத் தொடங்கும். 2013இல் சிசி வந்து, சாஃப்ட்வேர் வாங்குவதே நின்று மாத வாடகையானது. வெர்ஷன்களின் பெயர் சிசி, 2014, 2015 என்று போய், நேராக 2017. 2016 எங்கே என்று கேட்காதீர்கள். சில ஹோட்டல்களில் 13ஆம் நம்பர் ரூம் இருப்பதில்லை.

மைக்ரோசாஃப்ட்டை விட்டுவிட்டால் அவர்கள் வருத்தப்படுவார்கள். வேர்ட் 97 வந்தபோது பழைய வேர்ட் 95க்கு ஏற்றபடி சேமிக்கலாம் என்று மெனுவில் போட்டிருந்தார்கள். ஊரே நம்பிச் சேமித்தது. பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது ஆர்டிஎஃப் என்ற வேறொரு ஃபார்மேட். டாக் என்ற வாலை மட்டும் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். லியோன் நகரத்துக்காரர்களாவது அடுத்தவன் புத்தகத்தைப் போலி செய்தார்கள். தன் ஃபைலுக்குத் தானே டூப்ளிகேட் அடித்தவர்கள் இவர்கள்தான்.

இப்போது தமிழர்களுக்கு வருவோம். அந்த அரைப்புள்ளி ஞாபகம் இருக்கிறதா?

பேஜ்மேக்கர் கடைசி வெர்ஷன் வரை யூனிகோடை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனவே தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு முறையில். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பரவலாகப் புழங்கிய பாமினியில் 'தமிழ்' என்று அடித்த ஃபைல், பாமினி இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் திரையில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று தெரியும். அந்த செமிகோலன்தான் ழகரத்தின் மேலிருந்த புள்ளி! தொல்காப்பியர் சொன்ன மெய்யெழுத்துப் புள்ளி, பேஜ்மேக்கர் யுகத்தில், வெனிஸ் வாத்தியாரின் அரைப்புள்ளி இருக்கையில் வாடகைக்குக் குடியிருந்தது. ஆல்டஸ் பெயரில் தொடங்கிய சாஃப்ட்வேருக்குள்ளேயே இது நடந்தது என்பதை அவர் அறிந்திருந்தால், இதற்கும் உரிமை வாங்கியிருப்பார்.

அதனால் தமிழ் டிடிபிக்காரருக்கு உலகத்தாரைவிட ஒரு தலைவலி கூடுதல். வெர்ஷனும் பொருந்த வேண்டும், எழுத்துருவும் பொருந்த வேண்டும். 2004இல் பேஜ்மேக்கரை வளர்ப்பதை அடோபி நிறுத்திவிட்டது. நம் ஊர் சென்டர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லையோ என்னவோ, அதற்குப் பிறகும் பல வருடம் அதிலேயே புத்தகம் புத்தகமாகப் போட்டுத் தள்ளினார்கள். மாறினால் பழைய ஃபைலை என்ன செய்வது என்ற பயம்தான். 2012இல் சிஎஸ்6 இந்திய மொழிகளை ஏற்றுக்கொண்டது. அதில் யூனிகோடில் செய்த பக்கத்தை ஐடிஎம்எல் வழியாக சிஎஸ்4க்கு இறக்கினால், தமிழை அடுக்கத் தெரியாத அந்த வெர்ஷனில் 'கெ'யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். ஐடிஎம்எல் திறந்தது உண்மை. திறந்தது தமிழ்தானா என்பது வேறு கேள்வி.

அச்சகங்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. கோரல்ட்ராவில் சேமிக்கும்போது எந்தப் பழைய வெர்ஷன் வேண்டும் என்று ஒரு பட்டியலே விரியும். மகாராஜாக்களுக்கு வராத தாராள மனசு அந்த கனடாக்காரர்களுக்கு வந்திருக்கிறது. ஆகவே போன் உரையாடல் இப்படிப் போகும்:

"அண்ணே, எந்த வெர்ஷன்ல அனுப்பட்டும்?"

"12ல போட்டு அனுப்பு தம்பி. மறக்காம கர்வ் பண்ணிடு."

கர்வ் பண்ணுவது என்றால் எழுத்தையெல்லாம் படமாக்கிவிடுவது. எழுத்துரு தேவையில்லை, எங்கும் திறக்கும். மணமகன் பெயரில் ஒற்றெழுத்து விட்டுப்போனது இரவு 11 மணிக்குத் தெரிந்தால் திருத்த முடியாது, அவ்வளவுதான். அண்ணனிடம் அதற்கும் பதில் இருக்கும்: "மாப்பிள்ளை அதெல்லாம் பாக்க மாட்டாரு, விடு."

சக்கரவர்த்திகள் யாரும் செய்யாத வேலையைச் செய்தவர்கள் கூலி வாங்காத ஒரு கோஷ்டி. டாக்குமென்ட் லிபரேஷன் புராஜெக்ட் என்று 2014இல் ஆரம்பித்தார்கள். பூட்டிக் கிடக்கும் பழைய ஃபார்மேட்டுகளை உட்கார்ந்து ஆராய்ந்து, திறக்கும் நிரல்களை எழுதி இலவசமாக விட்டார்கள். அதன் பலனாக லிப்ரே ஆஃபிஸின் ட்ரா, பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும்; பழைய குவார்க் 3, 4 ஃபைல்களைத் திறக்கும்; மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் ஃபைலையும் திறக்கும். அச்சு அசலாக வராது. பக்கம் கொஞ்சம் தள்ளாடும். படங்களும் எழுத்தும் கைக்கு வந்துவிடும். பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளை எடுத்து வளர்ப்பவர்களிடம் தலைசீவி விடவில்லையே என்று குறை சொல்ல முடியுமா?

பப்ளிஷர் என்றதும் நினைவு வந்தது. 1991இல் பிறந்த மைக்ரோசாஃப்ட் பப்ளிஷருக்கு 2026 அக்டோபருடன் ஆதரவு முடிகிறது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாக்காரர்கள் அதற்குப் பிறகு தங்கள் பப்ளிஷர் ஃபைலை அந்த சாஃப்ட்வேரிலேயே திறக்க முடியாது. பள்ளி ஆண்டு மலரோ, சங்கத்தின் செய்தி மடலோ, கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையோ பப் என்ற வாலோடு உங்களிடம் இருந்தால், திறக்கிற நாளிலேயே திறந்து ஒரு பிடிஎஃப் எடுத்துவையுங்கள். இன்டிசைன்காரர்கள் வேலை முடிந்ததும் இன்னும் மூன்று காரியம் செய்யுங்கள்: ஐடிஎம்எல் ஒன்று, பிடிஎஃப் ஒன்று, எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டர் ஒன்று, மூன்றையும் ஒரே இடத்தில் போட்டு, எந்த வெர்ஷனில் செய்தது என்று பெயரிலேயே எழுதிவிடுங்கள். அச்சகத்து அண்ணனுக்கு அனுப்புமுன் ஒற்றெழுத்துகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.